ஓட்டு இங்கே, சாவடி எங்கே?

நாட்டை ஆளும் உரிமை நாட்டு மக்களுக்கே என்கிறோம். ஏட்டிலே எழுதி வைத்திருக்கிறோம். மேடையிலே முழங்குகிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாகவும் சொல்லித் தருகிறோம். கோடீசுவரனுக்கும் ஒரு ஓட்டு, கூழுக்குப் பாடுபடும் கூலிக்காரனுக்கும் ஒரு ஓட்டு; மாளிகைவாசிக்கும் ஒன்று, மண்குடிசைக்காரனுக்கும் ஒன்று என்று பெருமைப்படுகிறோம். பெருமைதான், மறுப்பார் யார்? ஆனால் தோழர்களே, ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். அந்த ஒரு ஓட்டைப் போட்டு வர மாளிகைவாசி கடக்கும் தூரம் எவ்வளவு? மண்குடிசைக்காரன் நடக்கும் தூரம் எவ்வளவு?

சிலருக்குச் சிரிப்பு வரும். “இதென்ன பெரிய கேள்வி! சாவடி எங்கே இருந்தால் என்ன? அக்கறை உள்ளவன் நடந்து போய்ப் போட்டுவிட்டு வரட்டுமே!” என்பார்கள். அப்படிச் சொல்பவர் யார் என்று சற்றுப் பாருங்கள். வாசலிலே வண்டி நிற்கும், வண்டியிலே ஓட்டுநர் இருப்பார், ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டாலும் அடுப்பு எரியும். அவருக்குத் தூரம் என்பது வெறும் எண். அன்றாடங்காய்ச்சிக்குத் தூரம் என்பது வியர்வை, நேரம், கூலி.

நாம் சொல்கிறோம்: சாவடி அமையும் இடந்தான் ஓட்டுரிமையின் அளவுகோல். சாவடி ஒரு பர்லாங் தூரத்தில் இருந்தால் அது முழு உரிமை. நாலைந்து மைல் தள்ளி இருந்தால் அரை உரிமை. இடையிலே ஆறும் ஓடி, வழியிலே அச்சமும் நின்றால், உரிமை பட்டியலிலே இருக்கும். பெட்டிக்கு வந்து சேராது.

இந்த உரிமை எப்படி வந்தது என்பதை இளைய தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். 1920-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தபோது, சொத்து வைத்திருந்தவனுக்கு ஓட்டு இருந்தது. வரி கட்டியவனுக்கு ஓட்டு இருந்தது. அந்தச் சொத்தை விளைவித்தவனுக்கு இல்லை. பெண்களுக்கு இல்லவே இல்லை. 1921-இல் சென்னைச் சட்டமன்றம் தீர்மானம் போட்ட பிறகுதான் பெண்களுக்கு ஓட்டு என்ற வாசல் திறந்தது. அதுவும் சொத்துள்ள சிலருக்கு மட்டும். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், தனது 326-ஆவது பிரிவின் மூலம், வயது வந்த அனைவருக்கும் ஓட்டு என்றது. 1951-52 பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 17 கோடிப் பேர் வாக்காளர் ஆயினர். 1989 முதல் ஓட்டுப் போடும் வயது 21-லிருந்து 18 ஆகக் குறைந்தது. சொத்து என்ற பூட்டு உடைந்தது. ஆண், பெண் என்ற பூட்டு உடைந்தது. படிப்பு என்ற பூட்டையும் சின்னங்கள் உடைத்தன. எஞ்சியிருக்கும் பூட்டு ஒன்று. தூரம் என்று அதற்குப் பெயர். சட்டப் புத்தகத்திலே அது இல்லை. ஆகவே அதைப் பூட்டு என்று யாரும் சொல்வதும் இல்லை.

அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது? நடவு வேலைக்குப் போகும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். சாவடி ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். வரிசையிலே நிற்பது தனி. இடுப்பிலே குழந்தை, தலைக்கு மேலே சித்திரை வெயில். அன்றைய கூலி போயிற்று. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு சொல்கிறது; ஆலையிலும் கடையிலும் நிறுவனங்களிலும் வேலை பார்க்கும் நாட்கூலிக்காரருக்கும் அது பொருந்தும். நல்ல சட்டம்! ஆனால் வலை வீசக் கடலுக்குப் போகிறவருக்கும், தள்ளுவண்டியில் காய் விற்கிறவருக்கும், இன்று ஒரு வயல் நாளை ஒரு வயல் என்று அலைகிறவருக்கும் அந்தச் சம்பளத்தை யார் தருவது? எந்த முதலாளியின் வாசலில் போய் நின்று கேட்பது? ஆக, அந்தத் தாய்க்கு அன்று ஓட்டு இலவசம் அல்ல. தூரம் அவளிடம் வரி வாங்குகிறது. சொத்து வரி கட்டியவனுக்கே ஓட்டு என்று அன்று இருந்தது. நடை வரி கட்டியவளுக்கே ஓட்டு என்று இன்று ஆகலாமா?

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று தூரத்தில் ஒளிந்திருக்கிறது. தொலைவிலே சாவடி இருந்தால், வாசலிலே வண்டி வரும்.

“ஏறுங்கள் பாட்டி, வெயிலிலே ஏன் நடக்கிறீர்கள்? நாங்கள் எதற்கு இருக்கிறோம்?” என்று குழைந்து பேசுகிறான் வண்டியோடு வந்தவன். பாட்டி ஏறுகிறாள். வழியெல்லாம் சின்னத்தின் பெருமை. இறங்கும்போது ஒரு பார்வை: “மறந்துவிடாதே பாட்டி!” அவ்வளவுதான். ஒரு வார்த்தை மிரட்டவில்லை, ஒரு காசு கொடுக்கவில்லை. ஆனால் பாட்டியின் நெஞ்சிலே ஒரு கடன் ஏறிவிட்டது. தமிழர்கள் நன்றி மறவாதவர்கள். அந்த நல்ல குணத்தையே முதலீடாக்கி இலாபம் பார்க்கிறான் வண்டிக்காரனை அனுப்பியவன்.

சட்டம் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. வாக்காளரைச் சாவடிக்கு இலவசமாக ஏற்றிச் செல்வதற்காக வேட்பாளரோ அவருடைய முகவரோ வண்டி அமர்த்துவது ஊழல் குற்றம் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வேட்பாளர் மீது மெய்ப்பிக்கப்பட்டால், பெற்ற வெற்றியே செல்லாமற் போகும். ஆனால் தோழர்களே, வண்டியைப் பிடிக்க ஒவ்வொரு தெருமுனையிலும் அதிகாரி நிற்க முடியுமா? வழக்கு முடிவதற்குள் அடுத்த தேர்தலே வந்துவிடுமே! பாட்டி தன் கால்களாலேயே போய்விடக்கூடிய தூரத்தில் சாவடி இருந்தால், எந்த வண்டிக்காரனுக்கும் அங்கே வேலை இல்லை. பணக்காரனிடம் வண்டி இருக்கிறது, ஏழையிடம் கால்தான் இருக்கிறது. எனவே சாவடியைக் காலுக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும் என்கிறோம்.

“நீங்கள் புதிதாகக் கோரிக்கை எழுப்புகிறீர்களோ?” என்று கேட்கலாம். இல்லை. தேர்தல் ஆணையம் தானே வகுத்து வைத்திருக்கும் விதிகளைத்தான் நாம் நினைவூட்டுகிறோம். எந்த வாக்காளரும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேரக்கூடாது என்பது விதி. ஆற்றையோ மலையையோ காட்டையோ கடந்து போகும்படி சாவடியின் எல்லையைப் பிரிக்கக்கூடாது என்பது விதி. சாவடி தரைத்தளத்தில் இருக்க வேண்டும், உள்ளே போக ஒரு வழியும் வெளியே வர ஒரு வழியும் வேண்டும், குடிநீரும் நிழலும் வெளிச்சமும் கழிப்பிடமும் சாய்தளமும் வேண்டும் என்பதும் விதி. கூடுமானவரை பள்ளிக்கூடம் போன்ற அரசுக் கட்டடங்களிலேயே அமைக்க வேண்டும். தனியார் கட்டடத்தைத் தேடிப் போகக்கூடாது.

இந்த விதிகளுக்குள்ளே பொதிந்திருக்கும் பொருளைப் பாருங்கள். காவல் நிலையத்தில் சாவடி அமைக்கக்கூடாது. ஏன்? போலீசைக் கண்டு எளியவன் மிரண்டுவிடக்கூடாது. மருத்துவமனையில் கூடாது, நோயாளிக்கு இடையூறு. 200 மீட்டருக்குள் எந்தக் கட்சியின் அலுவலகமும் இருக்கக்கூடாது; நம் கட்சிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது விதி, ஏற்றுக்கொள்வோம். கோயிலிலும் மதச் சார்பான இடங்களிலும் கூடாது. இந்த ஒன்றை நாம் ஒரு கணம் நின்று நினைக்க வேண்டும். இந்த மண்ணிலே கோயில் நுழைவுக்கென்று 1947-இல் தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஐந்தாண்டு கழித்து முதல் பொதுத் தேர்தல். கோயில் மண்டபத்திலே சாவடி வைத்திருந்தால், அதுவரை வாசலிலேயே நிறுத்தப்பட்டவன் எந்தத் தைரியத்தில் உள்ளே நுழைவான்? நுழைந்தாலும் யாருடைய முகத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவான்? கட்டடம் என்பது செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமா? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இன்னார் வரலாம், இன்னார் வரக்கூடாது என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்த சுவர்கள் ஒரே நாளில் ஊமையாகிவிடுமா?

கோயிலுக்குச் சொன்னது தெருவுக்கும் பொருந்தும். ஊருக்கு நடுவே பள்ளிக்கூடம், அங்கே சாவடி. ஊருக்கு வெளியே சேரி, அங்கே மக்கள். தூரம் அரைக் கிலோமீட்டர்தான். விதிப்படி குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த அரைக் கிலோமீட்டர் எந்தத் தெரு வழியாகப் போகிறது? சாதாரண நாட்களிலேயே முறைத்துப் பார்க்கும் திண்ணைகளைக் கடந்து, தேர்தல் நாளிலே போக வேண்டும்! 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த அதே நாளில், அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தாழ்த்தப்பட்ட மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. தேர்தல் நாள் எல்லாருக்கும் திருநாளாக இருப்பதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? நலிந்த பிரிவு மக்கள் வாழும் பகுதியில், வாக்காளர் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், அவர்கள் இடத்திலேயே சாவடி அமைக்கலாம் என்று ஆணையத்தின் விதி இடம் தருகிறது. விதி இருக்கிறது, கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நாடாவை வைத்து அளந்தால் கிலோமீட்டர் தெரியும். அச்சத்தை அளக்க நாடா கிடையாது. அந்த மக்களிடம் போய்க் கேட்டால்தான் தெரியும்.

அரசு மனம் வைத்தால் சாவடி எங்கேயும் போகும் என்பதற்குச் சான்றுகள் நம் நாட்டிலேயே உண்டு. அவற்றைப் பாராட்டவும் நாம் தயங்கவில்லை. குஜராத்திலே கிர் காட்டுக்குள் பனேஜ் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காக ஒரு சாவடி தேர்தல்தோறும் அமைக்கப்பட்டு வந்தது. இமாச்சலத்திலே தாஷிகாங் என்ற ஊரில், 15 ஆயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், பனிக்கு நடுவே சாவடி அமைக்கப்பட்டது. அவ்வளவு தூரம் ஏன்? நம் நாமக்கல் மாவட்டத்துப் போதமலைக்கு 2021 தேர்தலில் அலுவலர்கள் வாக்கு இயந்திரங்களைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு கால்நடையாகவே ஏறினார்கள். அன்று வண்டி போகச் சாலை இருக்கவில்லை. தருமபுரி மாவட்டம் பென்னாகரத்தை அடுத்த கோட்டூர் மலைக்கு 2019 தேர்தலில் கழுதைகள் இயந்திரம் சுமந்தன. கழுதை என்று ஏளனம் செய்யாதீர்கள்! மலைமக்களின் உரிமையைச் சுமந்து சென்ற அந்த நாலுகால் பிராணிக்கு நம் வணக்கம். மூன்று நாலு அலுவலரும் இரண்டு கழுதையும் ஒரு முறை மலை ஏறினால், நூற்றுக்கணக்கான மக்கள் மலை இறங்கி ஏற வேண்டியதில்லை. இந்த எளிய கணக்குத்தான் சாவடிக் கணக்கின் அடிப்படை. அரசு ஒரு முறை நடந்தால் மக்கள் ஆயிரம் முறை நடக்க வேண்டாம்.

ஆனால், தேர்தலுக்குத் தேர்தல் கழுதையைத் தேடுவதிலே நிறைவு கண்டுவிடாமல், மலைக்குச் சாலை எங்கே என்றும் கேட்க வேண்டும். ஓட்டு வாங்க மலை ஏறத் தெரிந்தவர்களுக்கு, சாலை போட மட்டும் மலை உயரமாகத் தெரியலாமா?

மலை ஏற முடிந்தாலும் படி ஏற முடியாதவர் உண்டு. நாலே நாலு படிக்கட்டு. நமக்கு ஒரு நொடி. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அது மலை. ஆணையம் தானாகக் கண் திறக்கவில்லை. ஊனமுற்றோர் உரிமைக்காகப் பாடுபட்டவர்கள் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2004 ஏப்ரலில், சாவடிகளில் மரச் சாய்தளம் அமைக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தனது 11-ஆவது பிரிவில், எல்லாச் சாவடிகளும் மாற்றுத்திறனாளிகள் எளிதில் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையத்துக்கும் மாநிலத் தேர்தல் ஆணையங்களுக்கும் கடமையே விதித்திருக்கிறது. 85 வயது கடந்தவர்களும், 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் உடையவர்களும் விரும்பினால் வீட்டிலிருந்தே அஞ்சல் ஓட்டுப் போடலாம் என்ற ஏற்பாடு 2024 நாடாளுமன்றத் தேர்தலில் இருந்தது. நல்லது. ஆனால் வீட்டிலே ஓட்டு உண்டு என்பதைக் காரணம் காட்டிச் சாய்தளத்தை மறந்துவிடக்கூடாது. ஊரோடு ஒருவராக வரிசையில் நின்று, விரலிலே மை வைத்துக்கொண்டு வர வேண்டும் என்று விரும்புகிறவரை, “நீங்கள் வீட்டிலேயே இருங்கள்” என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? சாய்தளம் என்ற பெயரில் செங்குத்தாக ஒரு பலகையைச் சாய்த்து வைத்துக் கணக்குக் காட்டுவதும் கூடாது. நாற்காலியைத் தள்ளி ஏற்றிப் பார்த்த பிறகே அதைச் சாய்தளம் என்று எழுத வேண்டும்.

தூரத்துக்கு ஒரு தம்பி இருக்கிறான், நேரம் என்று பெயர். சாவடி பக்கத்திலேயே இருக்கிறது, வரிசையோ தெருக்கோடி வரை நிற்கிறது என்றால், அதுவும் எட்டாத சாவடியே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை 11 மணி நேரம், 39,600 நொடிகள். ஒரு சாவடிக்கு 1,500 வாக்காளர், நூற்றுக்கு 75 பேர் வருகிறார்கள் என்றால் 1,125 பேர். ஒருவருக்குக் கிடைப்பது 35 நொடி! அதற்குள் பெயர் பார்க்க வேண்டும், அட்டை பார்க்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், மை வைக்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திய சின்னத்தைக் காட்டும் சீட்டு மட்டுமே ஏழு நொடி தெரியும். எல்லாரும் காலை இளவெயிலில் வந்து நின்றால் வரிசை எங்கே போய் முடியும்? ஒரு சாவடிக்கு 1,200 பேருக்கு மேல் கூடாது என்று 2025-இல் ஆணையம் வரம்பைக் குறைத்தது. அதே கணக்கில் ஒருவருக்கு 44 நொடி. ஒன்பது நொடிதானே கூடியிருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஆயிரம் பேருக்கு ஒன்பது நொடி என்றால் இரண்டரை மணி நேரம். ஆலைக்குப் போக வேண்டியவனுக்கு அந்த நேரந்தான் ஓட்டா, ஓட்டமா என்பதைத் தீர்மானிக்கிறது.

“இவ்வளவு சாவடிக்கு ஆள் எங்கே? பணம் எங்கே? கட்டடம் எங்கே?” என்று கையை விரிப்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் தமிழ்நாடே பதில் சொல்லியிருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது கொரோனாக் கொள்ளைநோய். ஒரு சாவடிக்கு 1,000 பேருக்கு மேல் கூடாது என்றது ஆணையம். ஏறத்தாழ 68 ஆயிரமாக இருந்த சாவடிகள் 88 ஆயிரத்துக்கு மேல் உயர்ந்தன. ஆள் கிடைத்தார்கள், இயந்திரம் கிடைத்தது, தேர்தலும் நடந்தது. 2024-இல் எண்ணிக்கை மீண்டும் 68 ஆயிரம் அளவுக்கு வந்துவிட்டது. நோய்க்கு அஞ்சிச் செய்ய முடிந்ததை, மக்களுக்கு இரங்கிச் செய்ய முடியாதா?

இங்கே ஒரு நுட்பத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். அன்று கூடிய சாவடிகளில் பல, இருந்த வளாகத்திலேயே பக்கத்து அறையில் திறந்த துணைச்சாவடிகள். துணைச்சாவடி வரிசையைக் குறைக்கும், தூரத்தைக் குறைக்காது. ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு அறையைத் திறந்துவிட்டு, “சாவடியை இரட்டிப்பாக்கிவிட்டோம்” என்று சொன்னால், கைதட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: தொலைவிலே இருக்கும் குக்கிராமத்துக்கு ஓர் அடியாவது குறைந்ததா?

பட்டணத்துக் கதை வேறு. அங்கே சாவடி அடுத்த தெருவில். ஆனாலும் 2024-இல் தருமபுரித் தொகுதி 81 விழுக்காட்டைத் தாண்டியபோது, மத்திய சென்னை 54 விழுக்காட்டைத் தொடவில்லை. அருகிலே சாவடி இருந்தால் மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். எனினும் பட்டணத்திலும் தூரத்தால் தண்டிக்கப்படுவோர் உண்டு. அவர்கள் குளிர்சாதன அறைக்குள் சோம்பிக் கிடப்பவர்கள் அல்லர். ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டு, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் விடப்பட்ட உழைப்பாளிகள். வீடு அங்கே போனது. பெயர் பழைய தெருப் பட்டியலிலேயே தங்கிவிட்டது என்றால், ஓட்டுப் போட இருபது கிலோமீட்டர் பயணம்! குடியிருப்பை மாற்றும்போது மூட்டை முடிச்சை ஏற்றிச் செல்ல லாரி தந்தவர்கள், பட்டியலில் பெயரை மாற்ற எட்டாம் எண் படிவத்தையும் கையிலே தந்திருக்க வேண்டாமா?

கடல் கடந்த நாட்டிலும் இதே பாடம் உண்டு. உலகத்துக்கே மக்களாட்சி போதிக்கும் அமெரிக்காவில், கன்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டி என்ற ஊர். 13 ஆயிரம் வாக்காளருக்கு ஒரே சாவடி. மக்களில் பெரும்பாலோர் ஸ்பானிய வழியினர். இறைச்சித் தொழிற்சாலைகளில் பாடுபடுவோர். 2018 நவம்பர்த் தேர்தலில் அந்த ஒரே சாவடியையும் ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். கடைசிப் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒரு மைல்! கேட்டதற்கு, வழக்கமான இடத்தில் கட்டட வேலை என்றார்கள். ஒருவருடைய ஓட்டையும் யாரும் பறிக்கவில்லை. பட்டியலிலிருந்து ஒரு பெயரையும் அடிக்கவில்லை. சாவடியை மட்டும் நகர்த்தினார்கள். இதன் ஆபத்தை அறிந்துதான், நிறவெறி தலைவிரித்தாடிய மாநிலங்கள் சாவடியை மாற்றுவதற்குக்கூட முன்கூட்டியே நடுவண் அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்று 1965-ஆம் ஆண்டு ஓட்டுரிமைச் சட்டம் அந்நாட்டில் விதித்திருந்தது. 2013-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு அந்தக் காவலை முடக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பகுதிகளில் மூடப்பட்ட சாவடிகள் ஆயிரத்துக்கு மேல். உரிமையைப் பறிக்க வாள் வேண்டியதில்லை தோழர்களே. விலாசத்தை மாற்றினாலே போதும்!

அந்த நிலை இங்கே வராமல் தடுப்பது எப்படி? தடுக்கும் கருவி நம் கையிலேயே இருக்கிறது. நாம்தான் எடுத்துப் பார்ப்பதில்லை. சாவடிகளை அமைத்துப் பட்டியல் வெளியிடும் பொறுப்பை 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மாவட்டத் தேர்தல் அலுவலருக்குத் தந்திருக்கிறது. மாவட்டங்களில் கலெக்டர், சென்னையில் மாநகராட்சி ஆணையர். அவர் முதலில் வரைவுப் பட்டியலை வெளியிடுவார். கட்சிகளை அழைத்துக் கூட்டம் போடுவார். குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆட்சேபணை சொல்லலாம். அதன் பிறகே பட்டியல் ஆணையத்தின் ஒப்புதலுக்குப் போகும். ஒப்புதல் வந்துவிட்டால், பிறகு ஒரு சாவடியை மாற்றுவதற்கும் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதாவது, கதவு திறந்திருக்கும் காலம் கொஞ்சம். மூடிய பிறகு தட்டினால் எளிதில் திறக்காது.

அந்தக் கொஞ்ச காலத்தில் நம் தோழர்கள் எங்கே இருக்கிறார்கள்? வாக்குப்பதிவு நாளிலே பாருங்கள், சாவடிக்கு வெளியே பந்தல், மேசை, தேநீர், ஆரவாரம்! பத்துப் பேர் வேலைக்கு நூறு பேர். வரைவுப் பட்டியல் வெளிவந்த நாளிலோ தாசில்தார் அலுவலகத்தின் பலகை தனியாக நிற்கும். படிக்க ஒருவர் இல்லை. கலெக்டர் கூட்டத்துக்குப் போன மாவட்டப் பிரதிநிதிகள் காபி குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால், ஊர்க்கோடியில் இருக்கும் சேரிக்காக யார் பேசுவது? கலெக்டருக்கு வரைபடம் தெரியும். மழைக்காலத்தில் எந்த ஓடை இடுப்பளவு ஓடும் என்று வரைபடத்துக்குத் தெரியுமா? கிளைச் செயலாளருக்குத் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு கிளைத் தோழருக்கும் நாம் சொல்கிறோம். வரைவுப் பட்டியல் வந்த அன்றே உங்கள் சாவடிகளின் பட்டியலை வாங்குங்கள். படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் உரக்கப் படியுங்கள். உங்கள் பகுதியின் கடைசி வீட்டிலிருந்து சாவடி வரை ஒரு முறை நடந்து பாருங்கள். நீங்கள் மட்டும் நடக்காமல், ஒரு முதியவரையும் உடன் அழைத்து நடங்கள். எத்தனை நிமிடம், எத்தனை கிலோமீட்டர், எந்தெந்தத் தெரு, எந்த வாய்க்கால் என்று குறித்துக்கொள்ளுங்கள். படிக்கட்டை எண்ணுங்கள். கழிப்பிடத்தைத் திறந்து பாருங்கள், பூட்டியிருக்கிறதா என்று. பெண்களைத் தனியே கேளுங்கள். ஆண்கள் சொல்லாத காரணத்தை அவர்கள் சொல்வார்கள். பிறகு எழுதுங்கள். “சாவடி தொலைவாக உள்ளது” என்று மொட்டையாக எழுதினால் குப்பைக்கூடைக்குப் போகும். “இன்ன தெருவின் 200 வாக்காளர் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டியுள்ளது, ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே ஊராட்சிப் பள்ளியில் தரைத்தள அறை உள்ளது” என்று எழுதுங்கள். குறையோடு மாற்றையும் சேர்த்துச் சொல்பவனை எந்த அதிகாரியும் எளிதில் தள்ள முடியாது. கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்கி வையுங்கள்.

உள்ளாட்சித் தேர்தலுக்கு இதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். வார்டு எல்லை வேறு, சாவடிப் பட்டியலும் வேறு. சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றுவிட்டு, “உன் பெயர் இங்கே இல்லை, அங்கே” என்று அலைக்கழிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்! சாவடி மாறினால், மாறிய செய்தி ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போக வேண்டும்.

இறுதியாக ஒன்று. “அந்தத் தெரு மாற்றுக் கட்சித் தெரு, அவர்களுக்குச் சாவடி தூரமாக இருந்தால் நமக்கென்ன?” என்று எந்தத் தோழராவது மனத்துக்குள் நினைத்தால், அந்த நினைப்பைக் களைந்துவிடச் சொல்கிறோம். எதிரிக்கு ஓட்டுப் போடப் போகிறவனும் நடந்து போகத்தான் வேண்டும். அவன் தாய்க்கும் முழங்கால் வலிக்கும். எதிர்த்து ஓட்டுப் போடுகிறவனுடைய பாதையையும் செப்பனிடுகிறவனே மக்களாட்சியிலே நம்பிக்கை உள்ளவன். அவன் கருத்தை மேடையிலே மோதி வெல்லுவோம். மேட்டையும் பள்ளத்தையும் துணைக்கு அழைத்து வெல்ல வேண்டாம். இன்று அவன் தெருவுக்குத் தூரமான சாவடி, நாளை நம் தெருவுக்கும் தூரமாகலாம்.

ஓட்டு நம்முடையது என்று எழுதி வாங்கிவிட்டோம். அதைப் போடும் இடமும் நமக்கு எட்டும் இடமாக இருக்க வேண்டும் என்பதை இனி நடந்து, அளந்து, எழுதி வாங்குவோம். அடுத்த வரைவுப் பட்டியல் வரும்போது தாசில்தார் அலுவலகப் பலகையின் முன்னே முதல் ஆளாக நிற்பவர் நம் கிளைத் தோழராக இருக்கட்டும்!